ஸ்தோத்திரம்ங்க சார்

இலங்கைக்கு ஊழியத்துக்குப் போகிற ஏழு பேருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் எடுத்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. முதுகில் ஒரு சிலுவை, அதன் பக்கத்தில் இலங்கை வரைபடம், கீழே ‘இளைஞர் ஊழியக் குழு’ என்று எழுத்து. சர்ச் வாசலில் நின்று விஜயராஜ் அண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசியாக “பிரிசில்லா” என்றார். இசைப்பிரியா போய் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வாழ்வது அவளுக்குப் புதிதில்லை. சொந்த ஊர் வடக்குத்தில், வீட்டில், பள்ளிச் சான்றிதழில், ஆதாரில், புதிதாக வந்த பாஸ்போர்ட்டில் எல்லாம் அவள் வை. இசைப்பிரியா, இந்து, எஸ்.சி. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்து, பாஸ்டர் ராயப்பன் நடத்தும் சபையின் படியேறினால் பிரிசில்லா. இதில் என்ன ஏமாற்று வேலை என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். சுற்றுவட்டாரத்தில் இப்படி எத்தனையோ குடும்பம் உண்டு. மதம் மாறியதாக எழுதிவிட்டால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். குடியிருக்கிற தெரு மாறாது, அந்தத் தெருப் பேரைச் சொன்னதும் எதிராளி முகம் மாறுவது மாறாது, சான்றிதழ் மட்டும் போய்விடும்.

சபையில் மற்றவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர்கள் அப்பாமார் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பாதிப் பேர் அதே கம்பெனியில் பர்மனெண்ட் ஆகிவிட்டார்கள். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். சான்றிதழிலேயே கிறிஸ்தவர் என்று இருக்கும், அதற்குள்ள சலுகையும் இருக்கும். விசுவாசம் அவர்களுக்கு இதுவரை எந்தச் செலவும் வைத்ததில்லை. அதனால் இசைப்பிரியாவுக்கு எதற்கு இரண்டு பெயர் என்பது அவர்கள் மண்டையில் ஏறவே இல்லை.

பாஸ்டர் மட்டும் விவரம் தெரிந்தவர். இசைப்பிரியாவையும் அவள் அம்மா ஆதிலட்சுமியையும் ஒன்பது வருஷமாகச் சபைப் பதிவேட்டில் ஏற்றாமலே வைத்திருந்தார். ஞானஸ்நானமும் கொடுக்கவில்லை. “கர்த்தருக்குத் தெரிஞ்சாப் போதும்மா, ரிஜிஸ்டருக்குத் தெரிய வேணாம்” என்பார். அதற்காகவே ஆதிலட்சுமி அவரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அந்தச் சான்றிதழில்தான் வீட்டின் உயிர் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டீஸ் முடித்து, மூன்று வருஷம் சும்மா இருந்து, அதே கம்பெனியின் டெக்னீசியன் தேர்வு எழுதி, கடைசியில் லிஸ்டில் இசைப்பிரியா பேர் வந்துவிட்டது. எஸ்.சி. ஒதுக்கீட்டில் கடைசிக்கு முந்தின பேர். பர்மனெண்ட். அப்பா வைத்திலிங்கம் இருபத்திரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், அட்டையின் நிறம் மாறியது, அவர் மாறவில்லை. லிஸ்ட் வந்த அன்றைக்கு அவர் அதை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார். சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி.

“இப்பப் போயி எதுக்கு வெளிநாடு?” என்றார் அவர். “ஜாயின் பண்ணிட்டுப் போயேன். நான் ஜெபத்த வாணாம்னு சொல்லல. ஆயுசுக்கும் பண்ணிகினு இரு. ஆடர் கைக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் வாய மூடிகினு இருன்றேன்.”

விஜயராஜ் வீடு தேடி வந்துவிட்டார். முப்பது வயது, இன்ஜினியர் வீட்டுப் பிள்ளை, தானும் பர்மனெண்ட். அந்தத் தெருவுக்குள் அவர் பைக் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார். அங்கே மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கப் பிரிசில்லாவை விட்டால் குழுவில் ஆளில்லை என்றார். அது நிஜம்தான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு கிதார் வரும், கீபோர்டு வரும், இடுப்பு வளையாது.

“ஃபோட்டோ, வீடியோ எதுலயும் பிரிசில்லா வராது அங்கிள்.”

“வராதுங்களா?”

“கர்த்தருக்கு முன்னாடி சொல்றேன் அங்கிள்.”

வைத்திலிங்கம் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஆசை இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். அவளுடைய உலகம் சென்னையோடு முடிந்திருந்தது. விமானத்தில் ஏற வேண்டும், பெட்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும், ஒரு பத்து நாள் யாருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி மகளாக இல்லாமல் இருக்க வேண்டும். “பத்து நாள்தானப்பா” என்றாள். பாஸ்டர் எண்ணெய் தொட்டு ஏழு பேர் நெற்றியிலும் வைத்து ஜெபித்து அனுப்பினார்.

இலங்கை மலையில் அட்டனுக்கு மேலே, வேன் போக முடிகிற கடைசித் தோட்டம். ஒரே குளிர், ஒரே மழை. வரிசை வரிசையாக லயத்து வீடுகள், ஒரு வீட்டுக்கு ஒரு அறை. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற ஒரு கட்டடம் இருந்தது. பிள்ளைக் காம்பரா என்றார்கள். அதற்குப் பெயிண்ட் அடிப்பதுதான் குழுவின் ஊழியம்.

சுவரெல்லாம் ஈரம். சுரண்டவில்லை, காயவிடவில்லை, திட்டத்தில் செவ்வாய்க்கிழமை பெயிண்ட் என்று போட்டிருந்தது, அடித்துவிட்டார்கள். நோவாவின் பேழை வரைந்தார்கள், ஒட்டகச்சிவிங்கி வரைந்தார்கள். வியாழக்கிழமை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து தோல் உரிந்து தொங்கியது. மாணிக்கம்மாள் என்று ஒரு கொழுந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், கூடையை இறக்கிவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மழ விட்டதும் எங்க ஆம்பளைகளே அடிக்கிறதா இருந்தாங்க புள்ள” என்றாள் இசைப்பிரியாவிடம், மெதுவாக. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

இசைப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அன்றைக்கு சாயங்காலமே அவள் மாணிக்கம்மாள் வீட்டில் ரொட்டி தின்றாள். குழுவுக்கு வெளியார் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இருந்தது, வயிற்றுக்கு ஆகாதாம். அந்த அறையில் அடுப்பு, கட்டில், பீரோ, ரேடியோ எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தது. வடக்குத்து வீடு ஞாபகம் வந்தது. “நீ எங்க ஆளு மாதிரி இருக்க. மத்த பிள்ளைக வேற” என்றாள் மாணிக்கம்மாள். பொட்டில் அடித்த மாதிரி சொன்னாள், ஆனால் அதில் அன்பு இருந்தது.

கடைசி நாள் நாலு மணிக்குக் கூட்டம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் விஜயராஜ் சாட்சி சொன்னார். செல்ஃபோன் விளையாட்டுக்கு அடிமையாக இருந்து ஆண்டவர் அவரை விடுவித்த கதை. அடுத்து ஒரு பெண், நுழைவுத் தேர்வில் நாலு மார்க் குறைந்து மனம் உடைந்து தேறிய கதை. கூட்டத்தில் கொட்டாவி பரவியது. காலையிலிருந்து மலையேறி இறங்கியவர்கள் அவர்கள், நாலு மார்க் அவர்களுக்கு என்ன தெரியும்? இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

விஜயராஜ் பதறிப்போய் இசைப்பிரியா பக்கம் குனிந்தார். “நீ சொல்லு. உன் கதை இவங்களுக்குப் பிடிக்கும். பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு, என்ன?”

அவள் எழுந்தாள். முதலில் நிஜத்தைத்தான் சொன்னாள். அப்பா காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் விழுந்து கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தது. காண்ட்ராக்டர் மறுநாளே வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும்போது பாட்டுச் சத்தம் கேட்டு சர்ச்சுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதது. அங்கே யாரும் அவளை எழுந்திரு என்று சொல்லாதது. கொட்டாவிகள் நின்றன. போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். மாணிக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இசைப்பிரியா பேசி இத்தனை பேர் வாயைத் திறக்காமல் கேட்டது அவள் ஆயுசில் இல்லை. அது ஒரு போதைதான், வேறென்ன. “அன்னைக்கே எங்கம்மா அங்காளம்மன் படத்த எடுத்துகினு போயி ஏரியில வீசிட்டாங்க” என்றாள். “இனிமே எங்களுக்கு ஏசுதான் சாமின்னு சொன்னாங்க. நானும் அன்னைக்கே மாறிட்டேன். எங்க வூட்டுல இப்ப வேற சாமி கெடையாது.”

பச்சைப் பொய். அங்காளம்மன் படம் பழைய புடவையில் சுற்றி இரும்புப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. ஆதிலட்சுமிக்கு அதை வீச மனசும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் சொல்லும்போது பொய்யாகத் தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் விஜயராஜ் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்த ஃபோனைப் பார்த்தாள்.

“அண்ணா, எடுத்தீங்களா?”

“நம்ம சபைக்குக் காட்டத்தான். டிக்கெட் ஸ்பான்சர் பண்ணவங்க கேப்பாங்கள்ல. வெளிய போகாது.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஃபோனைப் பிடுங்கி அழித்திருக்க வேண்டும். மாணிக்கம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனாள்.

ஊருக்கு வந்து பதினொரு நாள் கழித்து, சுரங்கத்தில் டீ நேரத்தில் தங்கராசு என்கிற கூட்டாளி வைத்திலிங்கத்திடம் ஃபோனை நீட்டினான். “வைத்தி, இது உம் பொண்ணுதான? நல்லா பேசுது.” ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் இசைப்பிரியா. மேலே கொட்டை எழுத்தில், ‘இந்துக் குடும்பத்திலிருந்து இரட்சிப்புக்கு! நெய்வேலி சகோதரி பிரிசில்லாவின் சாட்சி.’ வைத்திலிங்கம் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பாதி ஷிஃப்டில் வீட்டுக்கு வந்தார்.

அப்பனும் மகளும் விஜயராஜின் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். அவர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

“மூவாயிரம் பேர் பாத்திருக்காங்க அங்கிள். மலேசியாவுலேர்ந்தெல்லாம் ஆமென் போட்டிருக்காங்க. அதோட, அவ நிஜப் பேர் எங்கயும் இல்லியே. பிரிசில்லான்னுதான போட்டிருக்கு?”

“மூஞ்சி அவளுதுதானங்க தம்பி” என்றார் வைத்திலிங்கம்.

கமிட்டியில் கேட்டு, பாஸ்டரிடம் கேட்டு, அதை எடுக்க ஆறு நாள் ஆயிற்று. ஒரு பட்டனை அமுக்க ஆறு நாள். அதற்குள் யாரோ அதை இறக்கிவைத்துக்கொண்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. லிஸ்டில் இடம் கிடைக்காத ஒருத்தராக இருக்கலாம், அந்த ஒருத்தர் வீட்டிலும் ஒரு காண்ட்ராக்ட் அப்பா இருந்திருக்கலாம். சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில், உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது, வருவாய்த் துறை விசாரணை முடியட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இசைப்பிரியா பாஸ்டரிடம் ஓடினாள். ஒரே ஒரு கடிதம் கேட்டாள்.

“என் பேரு சபை ரிஜிஸ்டர்ல இல்ல, எனக்கு ஞானஸ்நானம் குடுக்கலன்னு எழுதிக் குடுங்க ஐயா.”

பாஸ்டர் ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கவர்மெண்டுக்குப் போற கடுதாசிம்மா. நாளைக்கு, பதிவு பண்ணாம ஆள் சேக்கறீங்களான்னு சபையப் பாத்துக் கேட்டா? எவனாவது மதமாத்தம்னு கிளப்பிவிட்டா?”

“நான் பொய் எழுதச் சொல்லலியேங்க ஐயா. உள்ளதத்தான்.”

“உள்ளதுன்னா, நீ கர்த்தருடைய பிள்ளைங்கறதுதானேம்மா உள்ளது?” என்றார். “நான் ஜெபிக்கறேன். உபவாசம் போடறேன்.”

ஒன்பது வருஷம் ரிஜிஸ்டரில் ஏற்றாமல் வைத்திருந்தவர், அதையே இப்போது எழுதித் தர மாட்டேன் என்கிறார். அவர் உபவாசம் இருந்தாரா என்று இசைப்பிரியா விசாரிக்கவில்லை.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின தினம் வீட்டைக் கலைத்து அடுக்கினார்கள். சுவரில் வருஷா வருஷம் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள், ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது. வைத்திலிங்கம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்ததால் அதன்மேல் துணிக்கடை காலண்டரை மாட்டினார். இரும்புப் பெட்டியிலிருந்து அங்காளம்மன் வெளியே வந்தாள். கண்ணாடியில் ஒரு கீறல். ஆதிலட்சுமி அதைத் துடைத்து, பூ வைத்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாளா, ஏசுவிடம் கேட்டாளா, தெரியாது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆர்.ஐ. வந்தார். கூட ஒரு கிராம உதவியாளர். ஆர்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். முதலில் தெருவில் விசாரித்தார். மளிகைக் கடை சிங்காரவேல், “இவங்களா? ஆடிக்கு ஆடி எங்களோட கூழு ஊத்துறவங்க சார்” என்றார். எதிர்வீட்டுப் பட்டம்மாள், “செடலுக்கு வருஷா வருஷம் இவ என்னோடதான் பூங்கரகம் எடுக்கறா” என்று சூடம் அடிக்காத குறையாகச் சொன்னாள். ஒன்பது வருஷமாக ஆதிலட்சுமி எந்தச் செடல் திருவிழாவுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் அவள் நடந்தாள், அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். ஒருத்தர் விடாமல் அவளுக்காகப் பொய் சொன்னார்கள். சபையால் ஒரு வரி உண்மை எழுத முடியவில்லை.

ஆர்.ஐ. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஃபோனில் வீடியோவை ஓடவிட்டார். அந்தச் சின்ன அறையில் இசைப்பிரியாவின் குரல் முழுசாகக் கேட்டது.

“இது நீதானம்மா?”

“நாந்தான் சார். அது சும்மா நாடகம் மாதிரிங்க. அங்க அப்பிடிப் பேசச் சொன்னாங்க. ஊரு சுத்திப் பாக்கற ஆசையில போயிட்டேன். படத்த ஏரியில போட்டுட்டோம்னு சொல்றேன் இல்லீங்களா, அந்தப் படம் அதோ இருக்குது பாருங்க.”

அவர் எழுந்து போய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பழைய சட்டம், பழைய கீறல், விளிம்பில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. கடையில் நேற்று வாங்கியதில்லை என்று யாருக்கும் தெரியும். அவர் முகம் இளகியது. “சரி, ஒரு வாக்குமூலம் எழுதிக் குடு” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நான் பிறப்பால் இந்து. இந்து மதத்தையே பின்பற்றி வருகிறேன். கிறிஸ்தவ மதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கதவோரம் நின்ற அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“நான் பாத்தத எழுதறேன். பயப்படாதம்மா” என்று ஆர்.ஐ. ஃபைலைக் கட்டிக்கொண்டு எழுந்தார். வைத்திலிங்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அந்த லிஸ்ட் ஜெராக்ஸ் இன்னும் அதில்தான் இருந்தது. ஆர்.ஐ. வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். “வர்றேம்மா” என்றார் ஆதிலட்சுமியைப் பார்த்து.

ஆதிலட்சுமிக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. கண் நிறைய நீர். இரண்டு கையையும் கூப்பினாள்.

“ஸ்தோத்திரம்ங்க சார்.”

ஒன்பது வருஷமாகப் பெரிய மனுஷர் யாரைப் பார்த்தாலும், வந்தாலும் போனாலும், அவள் வாயில் வருவது சபையில் பழகிய அந்தக் கிறிஸ்தவச் சொல்தான். வணக்கம் என்ற வார்த்தையே அவளுக்கு மறந்து போயிருந்தது. சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்தது. கூப்பிய கை அப்படியே நின்றது.

ஆர்.ஐ. ஒரு காலில் செருப்போடு நின்றார். அவளைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், உள்ளே படத்தைப் பார்த்தார். காதில் விழாத மாதிரிப் போயிருக்கலாம். உதவியாளர் பக்கத்தில் நிற்காவிட்டால் போயிருப்பாரோ என்னவோ. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலைப் பிரித்தார். “என்னம்மா இது” என்றார் மெதுவாக. கோபமே இல்லை அந்தக் குரலில்.

இரண்டு மாதத்தில் சான்றிதழை ரத்து செய்து உத்தரவு வந்தது. லிஸ்டிலிருந்து பேர் போயிற்று, காத்திருப்பில் இருந்த அடுத்த பேர் உள்ளே வந்தது. வைத்திலிங்கம் யாரையும் ஒரு சொல் திட்டவில்லை. முதல் ஷிஃப்டுக்குப் போனார், வந்தார். ஆதிலட்சுமி அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஜெபத்தில்கூட அந்த இடம் வந்தால் நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போவாள். “எம்மேல கோவமாடி?” என்று ஒரு நாள் கேட்டாள். “இல்லம்மா” என்றாள் மகள். இருந்தது. அம்மாவின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் உள்ளேயே கிடந்து வெந்தது.

பாஸ்டரும் விஜயராஜும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்தார்கள். வைத்திலிங்கம் படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் இசைப்பிரியா தலையில் கை வைத்தார்.

“உலகத்து வேலைக்காகக் கர்த்தரை மறுதலிக்காம நின்னியேம்மா. எத்தனை பேருக்கு வரும் அந்த தைரியம்? ஞாயித்துக்கிழமை சபையில வந்து நீயே சொல்லணும்.”

அவர்களாக அப்படி ஒரு கதையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விஜயராஜ் தொண்டையைச் செருமினார்.

“இனிமே மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லல்ல பிரிசில்லா? அந்தப் பழைய வீடியோவ மறுபடி போட்டுறலாமா? ஞாயித்துக்கிழமை பேசறத ரெண்டாவது பாகமா போட்டா நல்லா ரீச் ஆகும்” என்றார். “அடுத்த வருஷம் கென்யா போறோம். உனக்குத்தான் முதல் சீட்.”

“ஞாயித்துக்கெழம வர்றேங்கண்ணா” என்றாள் அவள்.

ஞாயிறன்று சபை நிறைந்திருந்தது. ஐந்து ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகள் முன்வரிசையில். இசைப்பிரியா சாதாரணச் சுடிதாரில் போனாள். ஆதிலட்சுமி அதே கடைசி பெஞ்சில். நடுப்பாதையில் ஸ்டாண்டில் ஃபோன், பின்னால் விஜயராஜ். பாஸ்டர் நீளமாக அறிமுகம் செய்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கொடுத்தார்.

“எங்கம்மா அங்காளம்மன் படத்த ஏரியில போடலை” என்று ஆரம்பித்தாள். “அது எங்க வூட்டுப் பொட்டியிலதான் இருந்திச்சி. இலங்கையில நான் சொன்னது பொய்யி. மொத பொய்யி அது.”

யாரோ வழக்கப்படி ஆமென் என்றுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டாவது, நான் மறுதலிக்கலன்னு ஐயா சொன்னாரு. மறுதலிச்சேன். நான் இந்து, எனக்கு ஏசுமேல நம்பிக்கை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு தரம் படிச்சிப் பாத்துட்டுத்தான் போட்டேன். வேல குடுத்திருந்தாங்கன்னா இன்னைக்கு ஷிஃப்டுக்குப் போயிருப்பேன், இங்க வந்திருக்க மாட்டேன். மறுதலிக்காதது எங்கம்மாதான். அவங்களும் வேணும்னு இல்ல, மறுதலிக்கத் தெரியல அவங்களுக்கு. அன்னைக்கு எங்களுக்காக எங்க தெருவே வந்து பேசிச்சி. அவங்கள்ல ஒருத்தரும் இந்த சர்ச்சுக்கு வர்றவங்க இல்ல. இங்க நான் கேட்டது ஒரே ஒரு கடுதாசி.”

பாஸ்டர் ஓடிவந்து இன்னொரு மைக்கை எடுத்தார். வாயில் வந்ததைச் சொன்னார். “எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவோம் சபையாரே.”

சபை முழுக்க ஒரே குரலில் சொன்னது. பழக்கம்தான். என்னத்துக்குச் சொல்கிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கடைசி பெஞ்சில் ஆதிலட்சுமியின் வாய் மூடியே இருந்தது.

இசைப்பிரியா நடுப்பாதையில் நடந்துவந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“இதையும் போடுங்கண்ணா” என்றாள். “ஒண்ணத்தயும் வெட்டாம போடுங்க.”

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மரத்தடியில் வைத்திலிங்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். மூன்று பேரை அது இழுக்காது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வர, மூவரும் வடக்குத்து வரைக்கும் நடந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இசைப்பிரியா சபையின் சேனலைத் திறந்து திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பேசியது வரவில்லை. புதன்கிழமை காலையில் பழையது மறுபடி வந்திருந்தது.